பெயர் ஒன்று, ஆள் வேறு

எங்கள் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் 'சிங்கப்பூர் கண்ட தமிழ்ப் பெரியார்' என்னும் தலைப்பில் கட்டுரை ஒன்று எழுதிக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். கோவிந்தசாமி என்பவர் 1887-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் பிறந்தார்; கப்பலேறிச் சிங்கப்பூர் வந்தார்; சிராங்கூன் சாலையில் கடை வைத்துப் பெரும்பொருள் ஈட்டினார்; பெருமாள் கோயிலில் அவர் பெயரால் திருமண மண்டபம் எழுந்தது; ஓய்ந்த வேளையில் சிறுகதைகள் எழுதினார்; பிறகு கணினியில் தமிழெழுத்தை ஏற்றி, 1995-ஆம் ஆண்டில் இணையத்தில் தமிழ்க் கவிதை தோன்றச் செய்தார். இவ்வளவும் ஒரே மூச்சில்! கையெழுத்து அழகாக இருந்தது, ஒற்றுப்பிழைகூட ஒன்றிரண்டுதான். ஆனால் அவன் கணக்குப்படி அப்பெரியவர் இணையத்தில் தமிழை ஏற்றியபோது அவருக்கு வயது நூற்றெட்டு.

சிரித்துவிட்டேன். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. பையன் செய்தது புதிய பிழை அன்று. நம் இலக்கிய வரலாற்றில் நாமெல்லோரும் பல நூற்றாண்டுகளாகச் செய்துவரும் பிழையையே அவன் தன் பங்குக்குச் செய்திருக்கிறான். அதனை அவனுக்குக் கற்பித்தவர் யார்? வகுப்பில் ஔவையாரைப் பற்றிப் பாடம் நடத்திய நான்தான்.

முதலில் கோவிந்தசாமிகளைப் பிரித்துவிடுவோம். சிங்கப்பூர் வாசகர்க்கு இருவரும் அறிமுகமானவர்களே. ஒருவர் பி. கோவிந்தசாமி பிள்ளை. வணிகர், கொடையாளர், 'பி.ஜி.பி.' என்ற மூன்றெழுத்தே அந்நாளில் அவருக்கு முழுப் பெயராக வழங்கியது. 1980-இல் மறைந்தார். சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலில் அவர் பெயரைத் தாங்கிய மண்டபம் இருக்கிறது. மற்றவர் நா. கோவிந்தசாமி. 1946-இல் பிறந்து 1999-இல், முதுமை காணுமுன்பே மறைந்தவர். ஆசிரியர்களுக்கு ஆசிரியராய்த் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரை ஆற்றியவர், சிறுகதை ஆசிரியர், கணினித் தமிழின் முன்னோடிகளுள் ஒருவர். தம் மென்பொருளுக்குக் 'கணியன்' என்று பெயரிட்டார். யாதும் ஊரே என்ற புலவன் பெயரை உலகெங்கும் தமிழ் போகும் கருவிக்கு வைத்தது பொருத்தமே. 1995-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அதிபர் ஓங் டெங் சியோங் தொடக்கி வைத்த சிங்கப்பூர்க் கவிதை இணையத் தளத்தில் ஆங்கிலம், சீனம், மலாய் ஆகியவற்றோடு தமிழும் ஒளிர்ந்ததென்றால் அதில் இவருடைய உழைப்பு உண்டு. 1997-இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்கும் இவரே முதல்வராய் நின்றார்.

பள்ளி விடுமுறையில் ஜொகூர்ப் பாலம் கடந்து சிங்கப்பூர் வந்தபோது, இருவரையும் தனித்தனியே பார்த்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன். காலையில் பெருமாள் கோயில் மண்டபத்துக்கு எதிரே சற்று நேரம் நின்றேன். முகூர்த்த நாள் போலும், வாசலில் பூமாலையும் மனிதருமாய் இருந்தது. பிற்பகலில் விக்டோரியா சாலைத் தேசிய நூலகத்தில் அமர்ந்து நா. கோவிந்தசாமியின் கதைகளைப் படித்தேன். இரண்டு இடத்துக்கும் இடையே நடந்து போகும் தொலைவுதான். ஒருவர் மறைந்து நாற்பதாண்டு சில, மற்றவர் மறைந்து கால் நூற்றாண்டு சில. இவ்வளவு அருகில், அச்சும் ஒளிப்படமும் நிறைந்த காலத்தில், ஒரு பெயர் இரண்டு வாழ்க்கையை ஒன்றாக்க முடியுமானால், ஓலைச்சுவடிக் காலத்தில் என்னதான் நடந்திராது? (மூன்றெழுத்தும் காவல் ஆவதில்லை. இக்காலப் பல்கலைக்கழக மாணவரிடம் 'பி.ஜி.பி.' என்றால் பிரின்ஸ் ஜார்ஜ் பார்க் என்னும் மாணவர் விடுதியைக் காட்டுகின்றனர்!)

ஒரே பெயருடையோரைப் பிரித்தறியும் கலை தமிழருக்குப் புதியது அன்று. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விடியற்காலைப் பெரட்டில் கிராணி பெயர் கூப்பிடும்போது 'முனியாண்டி' என்றால் நான்கு கைகள் உயரும். ஆகவே மாட்டுக்கார முனியாண்டி, ஆற்றோர லயத்து முனியாண்டி, ஒற்றைக்கண் முனியாண்டி, புதுக்காட்டு முனியாண்டி என்று தொழிலாலும் இடத்தாலும் உறுப்பாலும் பிரித்தனர். என் தந்தையாருக்கும் அப்படி ஓர் அடைமொழி இருந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை. பெயரைப் பதிவேட்டில் எழுதியவர் துரை. ஆளை அறிந்து அடைமொழி கொடுத்தவர்கள் உடன் உழைத்தோர்.

சங்கத் தொகை நூல்களைத் தொகுத்த சான்றோர் செய்ததும் இதுவே. புறநானூற்றின் அடிக்குறிப்புகளைப் பாட்டை விட்டுவிட்டுத் தனியாக ஒரு முறை வாசித்துப் பாருங்கள். பாண்டியர் குடியில் நெடுஞ்செழியர் பலர். ஆகவே ஒருவன் ஆரியப்படை கடந்தவன், மற்றவன் தலையாலங்கானத்துச் செருவென்றவன். நன்மாறர் பலர், ஒருவன் சித்திரமாடத்துத் துஞ்சியவன், மற்றவன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சியவன். கிள்ளிவளவர் இருவர், ஒருவன் குளமுற்றத்துத் துஞ்சினான், மற்றவன் குராப்பள்ளியில் துஞ்சினான். வாழ்வு பிரிக்காத இடத்தில் சாவு நிகழ்ந்த இடத்தைக்கொண்டு பிரித்திருக்கின்றனர்! புலவர்களிடத்தும் அதே கவனம். கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் வேறு, வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் வேறு. ஒக்கூரில் மாசாத்தனாரும் உண்டு, மாசாத்தியாரும் உண்டு. ஓரிரு எழுத்து வேறுபாட்டில் ஆணும் பெண்ணும் தத்தம் பாட்டோடு நிற்கின்றனர். பெயரே கிடைக்காதபோது பாட்டிலுள்ள தொடரையே பெயராக்கினர்: செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார், தேய்புரிப் பழங்கயிற்றினார். யாருடைய பாட்டையும் இன்னொருவர் கணக்கில் எழுதிவிடக் கூடாது என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. அது நல்ல அச்சம்.

எனினும் தேர்வுத்தாளில் கோவலனுக்குத் தவறான தீர்ப்பளித்தவனைத் தலையாலங்கானத்து வீரனாக்கும் மாணவர் ஆண்டுதோறும் இருக்கின்றனர். அடைமொழி நீளம் என்று பாடநூலும் ஆசிரியரும் அதை வெட்டிவிடுவதன் விளைவு அது. கல்வியின் சிறப்பைப் பாடிய ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியனும், பகைவரை வெல்வேன் என்று வஞ்சினம் உரைத்த தலையாலங்கானத்து நெடுஞ்செழியனும் வெறும் 'நெடுஞ்செழியன்' ஆகிவிட்டால் இருவருமே கெட்டனர்.

இனி ஔவையாருக்கு வருகிறேன். அந்த மாலையில் சிராங்கூன் சாலைப் பகுதியில் ஒரு கடையில் சிறுவர்க்கான நீதிநூல் புத்தகம் ஒன்று வாங்கினேன். கடையின் பெயரும் பதிப்பகத்தின் பெயரும் இங்கே வேண்டா. இத்தகைய புத்தகம் எல்லாக் கடைகளிலும் இருக்கிறது. அட்டையில் நரைத்த தலையும் கையில் கோலுமாய் ஒரு பாட்டி. முன்னுரையில் வரலாறு: ஆதிக்கும் பகவனுக்கும் பிறந்த எழுவருள் ஒருவர், வள்ளுவருக்கும் கபிலருக்கும் உடன்பிறந்தவர், பிள்ளையாரை வேண்டி இளமையிலேயே முதுமை பெற்றவர், அதியமானிடம் நெல்லிக்கனி உண்டவர், பாரிமகளிர்க்கு மணம் முடித்தவர், கம்பரோடும் ஒட்டக்கூத்தரோடும் வாதிட்டவர், ஆத்திசூடி பாடியவர். சங்க காலம் முதல் பன்னிரண்டாம் நூற்றாண்டு வரை ஒரே பாட்டி நடந்துகொண்டே இருக்கிறாள். என் மாணவனின் கோவிந்தசாமிக்கு நூற்றெட்டு வயதுதான். இவருக்கோ ஆயிரத்துக்கு மேல்! பையனைத் திருத்தச் சிவப்பு மை எடுத்த நான், இந்த முன்னுரையை முப்பது ஆண்டுகளாக வகுப்பில் திருத்தாமல் ஒப்பித்து வந்திருக்கிறேன். பயிற்சிக் கல்லூரியில் எனக்கும் அப்படியே ஒப்பிக்கப்பட்டது.

ஒருவர் அல்லர் என்பதற்கு வெளியே போய்ச் சான்று தேட வேண்டியதில்லை. நல்வழியின் நாற்பதாம் வெண்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் திருக்குறள் பேசப்படுகிறது. தேவார மூவர் தமிழ் பேசப்படுகிறது. கோவையும் திருவாசகமும் திருமூலர் வாக்கும் பேசப்படுகின்றன. மாணிக்கவாசகரின் நூலை அறிந்து பாடியவர் அதியமானின் அவைக்களத்தில் இருந்திருக்க இயலுமா? அந்த வெண்பாவை மனப்பாடம் செய்த ஒவ்வொரு பிள்ளையின் வாயிலும் விடை இருந்தது. கேள்வியை நாம் கேட்கவில்லை. இன்னொன்று: மூதுரையும் நல்வழியும் பிள்ளையாரை வணங்கித் தொடங்குகின்றன. சங்கப் பாடல்களிலோ பிள்ளையார் வழிபாடே இல்லை. அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைத் தமிழிக் கல்வெட்டாகத் தாங்கிய ஜம்பைக் குன்று 1981-இல் கண்டறியப்பட்டபோது, சங்க ஔவையின் காலம் வெறுங்கதையினின்று விலகிப் பாறைமேல் ஏறி நின்றது. அதனை அறிஞர் ஏறத்தாழக் கிறித்துப் பிறந்த காலத்தை ஒட்டியதாகக் கொள்வர். அந்தப் பாறைக்கும் திருவாசகத்துக்கும் இடையே எட்டு நூற்றாண்டுகளுக்குக் குறையாது.

'ஔவை' என்பது மூத்தவளை, தாயை, மதிப்புக்குரிய பெண்ணைக் குறிக்கும் சொல். இயற்பெயராய்த் தொடங்கியதோ சிறப்புப் பெயராய்த் தொடங்கியதோ, பிற்காலத்தில் அது பட்டமாகவே வழங்கியிருக்க வேண்டும். பட்டங்களுக்கு இந்த ஆற்றல் உண்டு. 'பாரதி' என்றதும் இன்று ஒருவரே நினைவுக்கு வருகிறார். எட்டயபுரத்தில் அதே பட்டம் பெற்ற நாவலர் சோமசுந்தர பாரதியாரும், நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் பின்வரிசைக்குப் போய்விட்டனர்.

ஒன்றாக்கியதால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பார் உளர். என் நண்பர் ஒருவரும் அப்படித்தான் கேட்டார்: "எல்லாம் நல்ல பாட்டுத்தானே, ஐயா? யார் பாடினால் என்ன?" நட்டம் பெரிது. சங்க ஔவையின் பாடல்கள் ஐம்பத்தொன்பது நமக்குக் கிடைத்துள்ளன. அவற்றுள் முப்பத்துமூன்று புறநானூற்றில் உள்ளன. அவற்றைப் படித்துவிட்டு அட்டைப்படத்துப் பாட்டியைப் பாருங்கள்; அடையாளம் தெரியாது. தொண்டைமானிடம் அதியமான் பொருட்டுத் தூது சென்று, அவன் படைக்கலக் கொட்டிலைப் புகழ்வது போலப் பழித்த அரசியல் அறிவு ஒரு பாட்டில். பரிசில் நீட்டித்தபோது வாயிற்காவலனை விளித்து, எங்களுக்கு எத்திசைச் சென்றாலும் சோறு உண்டு என்று மூட்டை கட்டிய தன்மானம் ஒரு பாட்டில். அதியமான் இறந்துபட்டபோது, சிறிது கள் கிடைத்தால் எங்களுக்கே தருவானே, பெரிது கிடைத்தால் நாங்கள் பாட உடனிருந்து உண்பானே என்று அழுத நட்பு ஒரு பாட்டில். குறுந்தொகையிலோ, தன் துயர் அறியாமல் உறங்கும் ஊரை முட்டவா தாக்கவா என்று கொதிக்கும் காதலியின் குரல். இவ்வளவும் பாடியவள் கோலூன்றிய கிழவிதானா? கோல் அவர் கைக்கு எப்போது வந்தது? பாட்டில் இல்லை; பிற்காலக் கதையில் வந்தது. 1953-இல் ஜெமினி நிறுவனத்தார் எடுத்த 'ஔவையார்' படத்தில் கே. பி. சுந்தராம்பாள் அவர்கள் தம் கம்பீரக் குரலால் அந்த உருவத்தை நம் நெஞ்சில் அழியாமல் பதித்துவிட்டார். அந்தக் குரலுக்கு நான் இன்றும் அடிமை. குறை சொல்வது பாட்டையன்று. ஆனால் கள்ளுண்ட அவையில் வேந்தனுக்கு நிகராய் அமர்ந்து பேசிய பெண்ணை, அறஞ்செய விரும்பச் சொல்லும் பாட்டிக்குள் அடக்கிவிட்டோம். பாட்டியும் நம்முடையவரே. சின்னஞ்சிறு தொடர்களில் பிள்ளைகளின் நாவில் அகர வரிசையை ஏற்றியவர் பெற்ற புகழ் அவருக்கே உரியது. அவருக்கு அதியமானின் நெல்லிக்கனி வேண்டுவதில்லை.

கலப்பினால் மூன்றாமவரும் இழந்தார். பாரி இறந்தபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்று, 'இவர்களை ஏற்றுக்கொள்' என்று இரந்து நின்றவர் கபிலர். அதற்குப் புறநானூற்றுப் பாடல்களே சான்று. பிற்காலக் கதை அந்த மகளிர்க்கு அங்கவை, சங்கவை என்று பெயர் சூட்டி, மணம் முடித்த பெருமையை ஔவைக்கு மாற்றி எழுதியது. நண்பனின் பிள்ளைகளுக்காக வாயில் வாயிலாய் நின்ற அந்தணப் புலவரின் துயரம் நம் பிள்ளைகளுக்குத் தெரியாமலே போயிற்று. கபிலருக்கு இது மட்டுமன்று. தொகுத்தோர் 'கபிலர்' என்றும் 'தொல்கபிலர்' என்றும் இருவராய்ப் பிரித்தே வைத்திருந்தனர். பதினோராந் திருமுறையில் கபிலதேவ நாயனார் என ஒருவர் இருக்கிறார். கபிலர் அகவல் பாடியவர் வேறொருவர். பாடநூலில் இவரெல்லாரும் பாரியின் நண்பரே!

நக்கீரரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிச் செல்கிறேன். இறையனார் களவியலுக்கு நக்கீரர் உரை கண்டார் என்பது வழக்கு. அவ்வுரையில் எடுத்துக்காட்டாக வரும் பாண்டிக்கோவைப் பாடல்களோ ஏழாம் நூற்றாண்டுப் பாண்டியனைப் பாடுவன. உரை பல தலைமுறை வாய்மொழியாய் வந்தது என்று அந்நூலே ஒப்புக்கொள்கிறது. நெற்றிக்கண்ணுக்கு அஞ்சாத நக்கீரரை நாம் விட்டுவிட வேண்டியதில்லை. 1965-இல் 'திருவிளையாடல்' பார்த்தவர் விடவும் மாட்டார். நெடுநல்வாடை பாடியவரோடு அவரைக் கட்டிப்போடாதிருந்தால் போதும்.

ஒன்றாக்குவது குற்றமானால், பிரித்துக்கொண்டே போவதும் குற்றமே. ஆராய்ச்சியாளருள் சிலர் ஔவையரை நால்வர் என்றும், ஐவர் என்றும், அதற்கு மேலும் எண்ணிக்கொண்டு போயினர். ஆத்திசூடி பாடியவர் ஒருவர், விநாயகர் அகவல் பாடியவர் ஒருவர், ஔவைக்குறள் பாடியவர் ஒருவர், தனிப்பாடல் பாடியவர் ஒருவர் என்று நூலுக்கொரு ஔவை! நடை சற்று மாறினால் ஆளே மாறிவிட்டார் என்று கொள்வது சரியான அளவுகோலாகாது. தேவாங்கு பற்றி ஒரு நாளும் தேர்தல் பற்றி ஒரு நாளும் எழுதும் ஒருவரையே இருவராக்கும் வேலை அது. பாட்டு எந்த நூலை அறிந்திருக்கிறது, எந்த அரசனை அறிந்திருக்கிறது, எந்தச் சொல்லை வழங்குகிறது என்பன போன்ற உறுதியான தடயங்கள் கிடைத்தால் பிரிக்கலாம். நல்வழி தரும் தடயம் அத்தகையது. அஃதில்லாத இடத்தில் சங்க ஔவை ஒருவர், நீதிநூல் ஔவை ஒருவர் என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே பள்ளிக்கூடத்துக்குப் போதும் என்பது என் துணிபு. மேலே போக விரும்புவோர் போகட்டும்.

சிங்கப்பூரில் வேறொரு சிக்கலையும் கண்டேன். நம் பெயர்முறையில் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னிற்கும். அந்த எழுத்து தமிழெழுத்தா ஆங்கில எழுத்தா என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். 'நா.' என்று எழுதிக்கொண்டவரின் தமிழுணர்வு அந்த ஓரெழுத்திலேயே தெரிகிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது பெயர் வேறு வகையில் ஒடிகிறது. சிங்கப்பூரின் அதிபராய் 1999 முதல் 2011 வரை விளங்கிய எஸ். ஆர். நாதன் அவர்களின் முழுப்பெயர் செல்லப்பன் இராமநாதன். இலங்கையில் 1930 வரை வாழ்ந்த சர் பொன்னம்பலம் இராமநாதனுக்கும் இவருக்கும் பெயர் ஒன்று என்பது ஆங்கில எழுத்தில் கண்ணுக்கே படாது. இங்கே பெயர் ஒன்றாயிருந்தும் வேறாய்த் தோன்றுகிறது. ஔவையிடத்தில் ஆள் வேறாயிருந்தும் ஒன்றாய்த் தோன்றியது. நூற்பட்டியல் செய்வோர் இரண்டு பக்கமும் விழிப்பாயிருக்க வேண்டியிருக்கிறது. சிங்கைக் கவிஞர் க. து. மு. இக்பால் அவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2014-இல் கலாசாரப் பதக்கம் பெற்றவர். முன்னெழுத்தை விட்டுவிட்டு 'கவிஞர் இக்பால்' என்று மட்டும் எழுதினால், 1938-இல் மறைந்த அல்லாமா இக்பாலைத்தான் உலகம் நினைக்கும். மூன்று முன்னெழுத்துகள் ஒரு கவிஞரைக் காக்கின்றன. அச்சுக்கோப்பவர் இடம் போதவில்லை என்று அவற்றை எடுத்துவிடாதிருக்க வேண்டும்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் ஆறாம் ஆண்டு வகுப்புக்குப் போனேன். நல்வழியின் நாற்பதாம் வெண்பாவைக் கரும்பலகையில் எழுதி, அதில் வரும் நூல்களின் காலத்தைப் பக்கத்தில் எழுதச் சொன்னேன். கடைசி வரிசையில் இருந்த ஒரு சிறுமி கையுயர்த்தி, "அப்படின்னா நெல்லிக்கனி சாப்பிட்டது வேற ஔவையா, ஐயா?" என்றாள். ஆம் என்றேன். "அவுங்க படம் இருக்கா?" என்று கேட்டாள். இல்லை, நீயே வரை என்றேன். மறுநாள் கொண்டுவந்த படத்தில் ஔவைக்குக் கருங்கூந்தல். கையில் கோல் இல்லை. எதிரே ஒரு மன்னன் தலைகவிழ்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அது தொண்டைமானா அதியமானா என்று நான் கேட்கவில்லை.

கோவிந்தசாமிக் கட்டுரை எழுதிய பையனிடம், நூற்றெட்டு வயதைக் கணக்குப் போட்டுக் காட்டிக் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தேன். நூலகத்தில் குறித்து வந்ததையும் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து இரு பகுதியாகப் பிரித்து எழுதிக்கொண்டு வந்தான். முன்னெழுத்துகளை எங்கோ விட்டுவிட்டான் போலும். ஆனால் தலைப்பில் இருவருக்கும் தானே அடைமொழி கொடுத்திருந்தான்: 'மண்டபத்துக் கோவிந்தசாமியும் எழுத்து கோவிந்தசாமியும்'. இரண்டாவதில் விடுபட்ட ஒற்றை மட்டும் சிவப்பு மையால் இட்டு, நல்ல மதிப்பெண் போட்டுக் கொடுத்தேன்.